உள்கதவுகளுக்கு மறுபெயிண்ட்: கிளாஸா, சாட்டினா? கோடு விழாமல் அடிப்பது எப்படி?

மேடவாக்கம்வாசி

வணக்கம். வீட்டு உள்கதவுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும், யோசனை கேட்கிறேன். அடுக்குமாடி வீடு, 2011-ல் வாங்கியது. படுக்கையறைகளுக்கெல்லாம் பிளஷ் டோர், அதாவது இரண்டு பக்கமும் தட்டையான ஒட்டுப்பலகைக் கதவு. பில்டர் அடித்துக் கொடுத்த வெள்ளை கிளாஸ் (முழுப் பளபளப்பு) எனாமல்தான் இன்னும் இருக்கிறது, ஆனால் அதை வெள்ளை என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கிற கதவின் பின்பக்கம் தான் அதிக மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் படுகிற பக்கம் பரவாயில்லை. வெயில் பட்டால்தானே நிறம் போகும், இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று புரியவில்லை. பூஜை அறைக்கு மட்டும் தேக்கில் இரட்டைக் கதவு, மணி கோத்தது, அதிலும் பில்டர் காபி நிற எனாமலை அப்பி வைத்திருக்கிறார்.

போன வருடம் ஒரு பெயிண்டரை வைத்து ஒரு கதவை மட்டும் சோதனையாக அடித்துப் பார்த்தோம். வாசம் வராத பெயிண்ட் என்றார். தள்ளி நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, கிட்டப் போனால் பிரஷ் கோடு, கைப்பிடிக்குக் கீழே வழிசல், நகத்தால் லேசாகச் சுரண்டினால் தோலாக உரிந்து வருகிறது. மற்ற கதவுகளும் இப்படி ஆகக் கூடாது. கிளாஸா சாட்டினா, பிரஷ்ஷா ரோலரா, நானே அடிக்கலாமா ஆள் வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் பதில் தேவை.

சாட்டின்பிரியன்

கண்ணை மூடிக்கொண்டு சாட்டின், அதாவது பாதிப் பளபளப்பு. பிளஷ் டோரில் கிளாஸ் அடித்தால் உள்ளே இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். பளபளப்பு கூடக் கூட மேற்பரப்பில் குறை கூடத் தெரியும், இது எல்லா கம்பெனிக்கும் பொருந்தும். பளபளப்பே இல்லாத மேட் வேண்டாம், கை அழுக்கைத் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும்.

கோவை லதா

மேட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்கு மினுமினுப்பு, மற்ற இடம் எல்லாம் மங்கல். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மேட் அடிக்கச் சொன்ன உள் அலங்காரக்காரருக்குக் குழந்தைகள் இல்லை போல.

இருபது லிட்டர் டப்பா

சார், தொழில்முறைப் பெயிண்டர் நான், எழுத நேரம் கிடைப்பது அபூர்வம், கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. கிளாஸ், சாட்டின் எல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சோதனைக் கதவு ஏன் உரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதை அடித்தாலும் உரியும்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஸ்பிரிட் இல்லாவிட்டால் கை கழுவ வாங்கிய சானிடைசர் போதும், பழைய கதவில் ஒரு மூலையில் நன்றாகத் தேயுங்கள். அதே மாதிரி சோதனைக் கதவிலும் தேயுங்கள். பஞ்சில் பெயிண்ட் ஒட்டி வந்தால் அது தண்ணீரில் கரைக்கிற ரகம். ஒன்றுமே வராமல் அழுக்கு மட்டும் வந்தால் எண்ணெய் எனாமல். செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மேலே சொல்கிறேன்.

மேடவாக்கம்வாசி

செய்தேன் அண்ணே. பழைய கதவில் அழுக்கு மட்டும்தான். சோதனைக் கதவில் பஞ்சு வெள்ளையாகிவிட்டது, தேய்த்த இடம் பிசுபிசு என்று ஆகிவிட்டது.

இருபது லிட்டர் டப்பா

அப்போது கதை தெளிவு. பழைய எண்ணெய் எனாமல் கண்ணாடி போல வழவழப்பாக இருந்திருக்கும், அதைத் தேய்க்காமல் மேலேயே தண்ணீர் எனாமலை அடித்திருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பெயிண்ட் மேல் தப்பில்லை. அந்தக் கதவுக்கு மேலே இன்னொரு கை அடித்து மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அடியில் இருக்கிற பெயிண்டோடு சேர்ந்து புதுசும் வரும். பட்டி பிளேடால் உரிகிற வரைக்கும் முழுசாக உரித்துவிடுங்கள்.

மற்ற கதவுகளுக்கு வேலை இப்படி. முதலில் கழுவ வேண்டும், தேய்ப்பது அப்புறம்தான். நிறைய பேர் நேரே உப்புத்தாளை எடுத்துவிடுவார்கள், கைப்பிடி ஓரத்தில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை அது இன்னும் உள்ளே தேய்த்து ஏற்றிவிடும். சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், காயவிட்டு டர்பன்டைன் துணியால் ஒரு துடைப்பு. பளபளப்புக்கு என்று மரச்சாமான் ஸ்பிரே அடிக்கிற வீடாக இருந்தால் இன்னும் கவனம், அதில் சிலிகான் இருக்கும், பெயிண்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாக ஓட்டை விழும். மீன்கண் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஸ்டிக்கர் பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு, எடுத்த பிறகு அந்த எண்ணெயையும் எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது.

பிறகு 180 நம்பர் தாள், பளபளப்பு முழுக்கச் செத்துப்போகிற வரைக்கும். மரம் தெரிய வேண்டியதில்லை, மினுக்கம் போனால் போதும். ஒரு இடம் பளபள என்று விட்டுப்போனாலும் அந்த இடத்தில்தான் முதலில் உரியும்.

புழுதிவாக்கம் பாலா

தேய்ப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது, அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் கதவு 2011. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை போன்ற அடர் நிறங்களில் வாய்ப்பு இன்னும் அதிகம். காய்ந்த தாளால் தேய்த்து வீடு முழுக்கத் தூள் பறக்கவிடாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத் தேய்த்து, சேறாக வருவதைத் துணியால் துடைத்து எடுத்துப் போடுங்கள். நல்ல முகமூடி அவசியம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அந்த நேரத்தில் வீட்டில் வேண்டாம். வெப்பத் துப்பாக்கியால் சுட்டு உரிக்கிற யோசனையும் வேண்டாம், அந்தப் புகை தூளைவிட மோசம்.

இருபது லிட்டர் டப்பா

பாலா சார் சொன்னது சரி. நாங்கள் இத்தனை வருடம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தேய்த்தோம், யாரும் சொன்னதில்லை.

சாட்டின்பிரியன்

மஞ்சள் ஆனது ஏன் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எண்ணெய் எனாமலில் இருக்கிற ஆல்கைட் பிசின் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, காய்ந்த பிறகும் உள்ளே அந்த வேதிவினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும், மஞ்சள் அதிலிருந்து வருவது. வெளிச்சம் அந்த மஞ்சளை வெளுக்க வைக்கும். வெளிச்சம் படாத பின்பக்கத்தில் வெளுக்க ஆள் இல்லை, சேர்ந்துகொண்டே போகிறது. தலைகீழ் மர்மம் எல்லாம் இல்லை. அதனால் வெள்ளை வேண்டுமென்றால் தண்ணீர் எனாமல் தான் சரி, அது இப்படி மஞ்சளாகாது, வாசமும் குறைவு. போன தடவை தப்பு நடந்தது அடியில்.

இருபது லிட்டர் டப்பா

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து. தண்ணீர் எனாமல் சீக்கிரம் இறுகிவிடும், பிரஷ் கோடு தானாகப் படிந்து மறைய நேரமே கொடுக்காது. எண்ணெய் எனாமல் மெதுவாகக் காயும், கோடு போட்டாலும் அது தானே பரந்து சமமாகிவிடும். பழக்கம் இல்லாத கைக்கு எண்ணெய் தான் மன்னிக்கும். வெள்ளைக்குப் பதில் கொஞ்சம் ஐவரி, சாம்பல் என்று எடுத்தால் மஞ்சள் கண்ணில் படவே படாது.

சாட்டின்பிரியன்

அண்ணே, கோடு விழுவதற்குப் பாதிக் காரணம் பிரஷ். எண்ணெய் பெயிண்டுக்கு வைத்திருக்கிற பன்றி முடி பிரஷ்ஷையே தண்ணீர் பெயிண்டுக்கும் போடுவார்கள், முடி தண்ணீரைக் குடித்து ஊதி விரிந்து சீப்பாகிவிடும். நைலான் பிரஷ் வாங்க வேண்டும். பிளஷ் டோருக்கு அது மட்டும் போதாது, 4 அங்குல ரோலரால் உருட்டி, உடனே பிரஷ் நுனியால் மேலிருந்து கீழே ஒரே ஒரு தடவல். திரும்பிப் போய்த் தொடவே கூடாது. விட்டுப்போன இடம் தெரிந்தாலும் அடுத்த கை அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பாதி இறுகினதில் பிரஷ் வைத்தால்தான் அந்த இழுத்த கோடு வரும்.

இருபது லிட்டர் டப்பா

அதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று, அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. மின்விசிறி சுழன்றால் அடித்த ஓரம் பக்கத்து வரி வருவதற்குள் காய்ந்து இணைப்பு தெரியும், தூசியும் வந்து உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பது எங்கள் பழக்கம்.

கோவை லதா

பெயிண்டர்கள் எனாமலில் மண்ணெண்ணெய் கலப்பது ஏன்? எங்கள் வீட்டில் கலந்தார்கள், பல நாளைக்கு வாடை போகவில்லை, பளபளப்பும் இல்லை.

இருபது லிட்டர் டப்பா

விலை குறைவு, பிரஷ் இழுக்கச் சுலபம், அவ்வளவுதான் காரணம். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது, காய்வதைத் தாமதப்படுத்தி மினுக்கத்தைக் கொன்றுவிடும். டர்பன்டைன் தான் ஊற்ற வேண்டும், அதுவும் டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் ஊற்றினால் வழியும். பெயிண்டை ஊற்றுவதற்கு முன்னால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், தோல் கட்டின துணுக்கு ஒன்று போதும் கதவு முழுக்க இழுத்துக்கொண்டு போகும்.

லதா மேடம், வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் முன்னால் கூப்பிட்டு ஆறு கதவையும் முடித்துக் கொடு என்பார்கள். மொத்தக் காண்ட்ராக்டில் பேசியிருப்பார்கள். பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் போடுகிற அடிப்பூச்சு) காய ஒரு ராத்திரி, முதல் கோட் காய ஒரு ராத்திரி, இடையில் தேய்ப்பு என்று கணக்குப் போட்டால் அந்த மூன்று நாளில் ஆகிற வேலையே இல்லை. காலையில் ஒரு கோட், சாப்பிட்டு வந்து ஒரு கோட் என்று போட்டால் அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும், மேல் தோல் மட்டும் காயும், அப்புறம் சுருங்கும். நாள்கூலிக்கு வைத்தால் இழுத்தடிப்பார்கள் என்று பயம், காண்ட்ராக்டில் விட்டால் காயவிட மாட்டார்கள். நான் சொல்வது, கதவுக்கு இத்தனை ரூபாய் என்று பேசுங்கள், கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு ராத்திரி இடைவெளி என்பதையும் அதிலேயே பேசிவிடுங்கள். நல்ல பெயிண்டர் அந்த இடைவெளியில் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டு வருவார், யாருக்கும் நஷ்டமில்லை.

மேடவாக்கம்வாசி

இதைப் போன வருடமே யாராவது சொல்லியிருந்தால்! அண்ணே, பிளஷ் டோரில் அங்கங்கே குழி இருக்கிறது, ஒரு கதவின் கீழ்ப்பக்கம் ஊதி ஒட்டுப்பலகை விரிந்திருக்கிறது. சுவருக்கு வாங்கின பட்டி அரை மூட்டை மீதி இருக்கிறது, அதைப் போடலாமா?

தச்சன்மகன்

வேண்டவே வேண்டாம். சுவர்ப் பட்டி சிமென்ட். மரம் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும், சிமென்ட் அதோடு சேர்ந்து அசையாது, விரிசல் விட்டுக் கட்டியாக விழும். மரத்துக்கு என்றே பட்டி விற்கிறது, அதை வாங்குங்கள். முதலில் பிரைமர், பிறகு பட்டி, பிறகு பட்டி போட்ட இடத்தில் மறுபடி பிரைமர். இந்தக் கடைசிப் பிரைமரைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், பட்டி மேல்கோட்டை உறிஞ்சி அந்த இடம் மட்டும் மங்கலாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், சாட்டினில் இன்னும் மோசம். பிரைமர் காய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், எங்கே மேடு எங்கே பள்ளம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

கீழ்ப்பக்கம் ஊதினதற்குக் காரணம் அடி விளிம்பு. ஒரு சின்னக் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நீட்டிப் பாருங்கள், பெயிண்டே இருக்காது. முன்னும் பின்னும் அழகாக அடித்துவிட்டு அடியும் உச்சியும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள், வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் அந்த வழியாக ஏறும். கதவைக் கழற்றுங்கள். ஊதின இடத்தில் பிரிந்த அடுக்குக்குள் பசை விட்டு இறுக்கிக் கட்டிக் காயவைத்து, இழைப்புளியால் லேசாக இழைத்து, அடி விளிம்புக்குப் பிரைமரும் பெயிண்டும் முழுசாக அடித்துவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய பெயிண்ட் விளிம்பில் தடித்துப் போயிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் ஐப்பசி அடைமழையில் கதவை உதைத்துத்தான் திறக்க வேண்டி வரும்.

புழுதிவாக்கம் பாலா

கழற்றுவது என்றதும் பயப்பட வேண்டாம். கீல் திருகில் பெயிண்ட் அடைத்திருக்கும், திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் வெட்டு தெரியும், பிறகு திருகு. எந்தக் கதவு எந்த அறை என்று கீல் பள்ளத்துக்குள் பென்சிலில் எழுதிவிடுங்கள். தாழ்ப்பாள், கைப்பிடி, டவர் போல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனிப் பையில் போடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கலாம் என்று சோம்பல்பட்டால் ஓரத்தில் ரம்பம் மாதிரி கோடு வரும்.

மேடவாக்கம்வாசி

பூஜை அறைக் கதவு? மனைவிக்குத் தேக்கு நிறம் தெரிய வேண்டும். நிலையின் அடியில் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசுவதால் அங்கே கறை ஏறியிருக்கிறது. பெயிண்ட் ரிமூவர் போடலாமா?

தச்சன்மகன்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தேக்கு என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் உரிக்க வேண்டும். காபி நிறத்தில் முழுக்க மூடியிருக்கிறார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம், சட்டம் தேக்கும் நடுப் பலகை வேறு மரமுமாக இருந்தால் அதை மறைக்கத்தான் எனாமல் அடிப்பார்கள். கதவின் உச்சி விளிம்பில் சுரண்டிப் பாருங்கள், சட்டத்திலும் பலகையிலும் தனித்தனியாக. இரண்டும் ஒரே ரேகை, ஒரே பொன் நிறம் என்றால் உரிக்கலாம். பலகை வெளிறிப்போய் ரேகையே இல்லாமல் இருந்தால் உரித்து நேரத்தை வீணாக்காமல் அதே நிறத்தில் சாட்டின் எனாமல் அடித்துவிடுங்கள்.

உரிக்கிறது என்று ஆனால் காரமான ரிமூவர், சலவை சோடா இந்த மாதிரி எதையும் அந்த மஞ்சள் பட்ட இடத்தில் வைக்காதீர்கள். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் அதனால்தான். மரத்துளைக்குள் அந்தச் சிவப்பு இறங்கிவிட்டால் எடுப்பது கஷ்டம். அங்கே பிளேடாலும் தாளாலும் தான் வேலை. பெரும்பாலும் மேல் பெயிண்டில்தான் கறை நிற்கும், மரம் வரைக்கும் போயிருக்காது.

உரித்த பிறகு 120, 180, 220 என்று ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் ஏறினதும் பளிச்சென்று தெரியும். பிறகு எங்கள் அப்பா காலத்தில் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணிப் பந்தால் ஏற்றுவார்கள், பிரெஞ்சு பாலிஷ். அழகு அதுதான், ஆனால் எண்ணெயும் தண்ணீரும் சூடும் தாங்காது. விளக்கு ஏற்றுகிற அறை, தண்ணீர்ச் செம்பு வைக்கிற இடம், உங்களுக்கு மெலமைனோ பியூவோ (பாலியூரித்தேன்) தான் சரி, இரண்டும் மர நிறம் தெரிகிற கெட்டியான லேக்கர் பூச்சு. ஒரு எச்சரிக்கை, மழை நாளில் மட்டும் அடிக்க விடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் லேக்கர் வெளுத்துப் பனி படர்ந்தது மாதிரி ஆகிவிடும். தை மாசி வரை பொறுங்கள்.

சாட்டின்பிரியன்

பியூவில் கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பிளாஸ்டிக் உறை போட்ட சோபா மாதிரி இருக்கும்.

கோவை லதா

படுக்கையறைக் கதவுகளை ஸ்பிரே அடித்தால் கோடே வராதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

இருபது லிட்டர் டப்பா

கோடு வராதுதான் மேடம். குடியிருக்கிற வீட்டில் அடித்தால் தரை, சுவர், சோபா எல்லாவற்றிலும் தூறல் விழும், ஒவ்வொன்றையும் மூடுகிற வேலை பெயிண்ட் வேலையைவிட அதிகம். கதவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப முடிந்தால் செய்யுங்கள். நிலையை அனுப்ப முடியாதே, அது பிரஷ்ஷில்தான், அப்புறம் கதவு ஒரு மாதிரியும் நிலை ஒரு மாதிரியும் இருக்கும். ரோலரும் பிரஷ் நுனியும் போதும், கதவை இரண்டு ஸ்டூலில் படுக்கவைத்து அடித்தால் வழியவே வழியாது.

மேடவாக்கம்வாசி

முடிவு செய்துவிட்டோம். படுக்கையறைகளுக்குத் தண்ணீர் எனாமல், சாட்டின், ஈரமாகத் தேய்த்து, பழைய எனாமல் மேல் பிடித்துக்கொள்கிற ஒட்டும் பிரைமர் போட்டு. தண்ணீர் எனாமல் காய்ந்த பிறகும் நிலையில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே? இன்னொன்று, ஹால் பக்கம் வெள்ளை, அறைப் பக்கம் வெளிர் சாம்பல் என்று இரண்டு நிறம் யோசனை. கதவின் கனம், அந்தப் பக்கவாட்டு விளிம்பு, அதற்கு எந்த நிறம்?

சாட்டின்பிரியன்

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். முதல் சில ராத்திரிகள் கதவை இறுக்கிச் சாத்தாதீர்கள். சாத்தியே ஆக வேண்டுமென்றால் நிலையில் கதவு முட்டுகிற இடத்தில் கொஞ்சம் முகப்பவுடரைத் தடவிவிடுங்கள். மெழுகு தேய்க்காதீர்கள், அடுத்த தடவை அங்கே பெயிண்ட் பிடிக்காது. ஒரே நிறத்துக்கு ஒன்றுக்கு மேல் டப்பா வாங்கினால் அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள், கடையில் கலந்து கொடுக்கிற நிறம் டப்பாவுக்கு டப்பா துளி மாறும்.

இருபது லிட்டர் டப்பா

விளிம்புக்கு ஒரு வழக்கம் உண்டு சார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்த அறையின் நிறம் தாழ்ப்பாள் பக்க விளிம்புக்கு. கீல் பக்க விளிம்புக்கு எதிர்ப்பக்க நிறம். உங்கள் கதவு அறைக்குள் திறக்கிறது என்றால் தாழ்ப்பாள் விளிம்பு சாம்பல், கீல் விளிம்பு வெள்ளை. நிலையில் கதவு வந்து முட்டுகிற பள்ளம் இருக்கிறதே, அந்த மூலையில் நிறத்தைப் பிரித்துவிடுங்கள், பள்ளம் சாம்பலோடு சேரும். வெள்ளையை முதலில் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டி மற்றதை அடியுங்கள், டேப்பைப் பெயிண்ட் முழுக்க இறுகுவதற்குள் இழுத்துவிடுங்கள்.